தாமதித்து வந்த நீலம்

வணக்கம். மஸ்கெலியாவில் எங்கள் லயத்து வாசலில் இருந்து பேசுகிறேன். பின்னால் மவுசாகலை நீர்த்தேக்கம் தெரியும் என்று நம்பித்தான் கமராவை இங்கே வைத்தேன். பனிமூட்டம் வந்து மூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற்ற காலத்தில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். குருதியில் உள்ள பொஸ்பேற்றை அளப்பதற்கு, மாதிரியுடன் மொலிப்டேற்றுக் கரைசலையும் வேறொரு மருந்தையும் சேர்ப்போம். அப்போது நீல நிறம் எழும். நிறம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ, அவ்வளவு பொஸ்பேற்று இருக்கிறது என்று பொருள். ஒரு நாள் ஒரு குழாயில் மட்டும் நீலம் நிலைக்காமல் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போயிற்று. குழாய் சரியாகக் கழுவப்படவில்லை என்று நானே முடிவு செய்து, அதனைக் கழிவுத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். உடைந்த குருதிக் கலங்களிலிருந்து பொஸ்பேற்று சிறிது சிறிதாக விடுபட்டிருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த நீல நிறச் சோதனையை 1925ஆம் ஆண்டில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியிட்டவர்கள் சைரஸ் ஃபிஸ்க் என்பவரும் எல்லாப்பிரகட சுப்பாராவும் ஆவர். சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று, சத்திர சிகிச்சைக்கு அணியும் அங்கியைக்கூடக் கதரில் தைத்து அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார். பொஸ்டன் நகருக்குப் போன பின்னரும், அமெரிக்காவில் மருத்துவராகத் தொழில் புரிய அந்தச் சான்றிதழ் உதவவில்லை. வைத்தியசாலையொன்றில் இரவுநேரச் சிற்றூழியராக வேலை பார்த்துக்கொண்டே படித்தார்.

அவர் தசையின் பக்கம் திரும்பிய வேளையில், இரசாயனவியலாளர் பலரும் லக்ரிக் அமிலத்தையே நம்பியிருந்தனர். வேலை செய்யும் தசையில் அவ்வமிலம் சேருகிறது, ஒட்சிசன் கிடைத்தால் மறைகிறது என்று 1907இல் கேம்பிரிட்ஜில் பிளெட்சரும் ஹொப்கின்ஸும் காட்டியிருந்தனர். தவளைத் தசையின் வெப்பத்தை அளந்த ஏ. வி. ஹில், அமிலத்தின் கணக்கை ஆராய்ந்த ஒட்டோ மேயர்ஹோப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் கிடைத்திருந்தது. தசையைச் சுருங்க வைப்பதே லக்ரிக் அமிலந்தான் என்பது ஏறத்தாழ முடிந்த வழக்காகக் கருதப்பட்டது.

ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தமது சோதனையைத் தசைச் சாற்றில் செய்து பார்த்தபோது, நீலம் உரிய நேரத்தில் வரவில்லை. அளவு தெரிந்த பொஸ்பேற்றுக் கரைசல் நிறம் பிடித்து நிற்க, தசைச் சாறு பின்தங்கி, நேரம் போகப்போக மெல்ல மெல்லவே நிறம் ஏறிற்று. என்னைப் போல் அவர்கள் குழாயைக் குறை கூறவில்லை. பொஸ்பேற்றின் ஒரு பகுதி வேறொரு பொருளோடு கட்டுண்டு இருக்கிறது, மொலிப்டேற்றுச் சேர்ந்த அமிலத்தில் அந்தக் கட்டு சிறிது சிறிதாக அவிழ்கிறது, அவிழ அவிழ நீலம் கூடுகிறது என்று கண்டுகொண்டனர். கட்டுண்டிருந்த துணைப் பொருள், தசையில் இயல்பாகவே உள்ள கிரியேற்றின் என்னும் சேர்மம். ஒரு பங்கு பொஸ்பேற்றுக்கு ஒரு பங்கு கிரியேற்றின். அதற்கு முன்னர் அளந்தவர்களோ, தம் அமிலத்தில் உடைந்து வெளிவந்ததையும் தனிப் பொஸ்பேற்று என்றே கணக்கில் சேர்த்திருந்தனர். இவ்விரண்டும் கட்டுண்ட பொருளே பொஸ்போகிரியேற்றின். பூனையின் தசையை மின்சாரத்தால் தூண்டியபோது அது குறைந்தது. குருதி ஓட்டத்தோடு ஓய்வு கொடுத்தபோது மீண்டும் நிறைந்தது. 1927இல் இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் லண்டனில் எகிள்ட்டன் தம்பதியரும் தவளைத் தசையில் இதே பொருளைத் தனியே கண்டிருந்தனர்.

இது எனக்குப் புத்தகச் செய்தி அல்ல. தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கு ஏறும் கடைசிப் படிகள் செங்குத்தானவை. நிறைந்த பையைத் தலையில் மாட்டிக்கொண்டு அம்மா அவற்றை ஒரே மூச்சில் ஏறுவார். பிறகு மட்டக் குச்சியை ஊன்றி அரை நிமிடம் பேசாமல் நிற்பார். தசை சுருங்குவதற்கு உடனடிச் சக்தி தரும் பொருள் ஏ.ரி.பி. கையிருப்பில் உள்ள அது கடும் முயற்சியின் போது இரண்டு மூன்று செக்கன்களுக்கே போதும்; பொஸ்போகிரியேற்றின் தன் பொஸ்பேற்றைக் கொடுத்து அதனை மீண்டும் நிரப்பி, மேலும் சில செக்கன்களுக்குத் தாங்கும். செலவான பொஸ்போகிரியேற்றினில் பாதியளவு ஏறக்குறைய அரை நிமிட ஓய்வில் மீண்டுவிடும் என்று படித்தபோது, அம்மாவின் அந்த நிற்றல்தான் நினைவுக்கு வந்தது. களைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு, சுமை உட்பட. அதனை நான் மறுக்கவில்லை.

நான் சொன்ன அந்த ஏ.ரி.பி.யை 1929இல் ஜேர்மனியில் கார்ல் லோமன் முதலில் வெளியிட்டார். சில வாரங்களில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தாம் தனியே கண்டதை அறிவித்தனர். 1930இல் டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கார்ட், லக்ரிக் அமிலமே உண்டாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குகிறது, பொஸ்போகிரியேற்றின் குறைகிறது என்று காட்டினார். பழைய கொள்கை சாய்ந்தது. தமது பரிசு எந்தக் கருத்தைச் சார்ந்திருந்ததோ அதன் வீழ்ச்சியை ஹில், 1932இல், தசையியலில் ஒரு புரட்சி என்றே குறிப்பிட்டு எழுதினார். இந்தப் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். பொஸ்போகிரியேற்றின் ஏ.ரி.பி.யைத் திரும்ப நிரப்புகிறது என்பதை 1934இல் லோமன் தெளிவாக்கினார்.

ஆனால் சுப்பாராவுக்கு ஹார்வர்ட் நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுகூடத்துக்குப் போன அவர் தசையை விட்டுவிட்டு, ஃபோலிக் அமிலம் என்னும் விற்றமின், யானைக்கால் நோய்க்கான மாத்திரை முதலியவற்றில் உழைத்தார். எம் இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தில் பல காலம் வழங்கப்பட்டது அந்த மாத்திரைதான். 1948 ஆகஸ்டில், 53ஆவது வயதில் அவர் காலமானார்.

இன்று எங்கள் ஆய்வுகூட இயந்திரமும் மொலிப்டேற்றையே சேர்க்கிறது. ஆனால் நீலம் எழுவதற்கு அது காத்திருப்பதில்லை. 340 நனோமீற்றர் புற ஊதாக் கதிரைச் செலுத்தி, நிறம் தோன்றும் முன்பே எண்ணைத் திரையில் காட்டிவிடுகிறது.