பிட்டுக்கு மண் சுமந்த ஊர்

(காட்சி: ஆவணி மூலத் திருவிழா, வைகைக் கரை)

வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்கிறான் பாண்டியன். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திப் பாட்டிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சொக்கநாதரே வருகிறார். வேலையைப் பார்க்காமல் விளையாடுகிறார், பிரம்படி படுகிறார். அந்த அடி ஊரில் எல்லார் முதுகிலும் விழுகிறது.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஒரு கண்மாய்க்கரையில், அதாவது ஏரிக்கரையில், நின்று யோசித்தால் எனக்கு இன்னொன்றும் புரிகிறது. ஒருவர் பங்கு அடைபடாமல் கிடந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் உடைத்துக்கொண்டு போகும். அடி எல்லாருக்கும்தான்.

சரி, கண்மாய்க்கு வருவோம்.

இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையை வைத்துத்தான் பிழைப்பு. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி ஒரு மண்கரை போட்டார்கள், அவ்வளவுதான். வரத்துக்காலில் வரும் தண்ணீர் கரையில் முட்டி நிற்கும். மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். நிறைந்துவிட்டால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேருகிற ஆறுதான். கடலைத் தொடுவது பெருவெள்ளத்தில் மட்டும்.

மேலே இருக்கிற ஊர் கலுங்கை ஒரு சாண் உயர்த்தினால் கீழே இருக்கிற ஊர் காயும். அதனால் மடை திறக்கவும் கடைமடை வரை தண்ணீர் போகிறதா என்று பார்க்கவும் நீர்பாய்ச்சி என்று ஒருவர் வந்தார். அவருக்குக் கூலி, களத்து நெல். கோடையில் ஊர்க்காரர்களே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து. உள்வாயில், அதாவது கண்மாயின் உள்பக்கத்தில், வண்டலை அள்ளி வயலில் கொட்டினார்கள். கண்மாய் ஆழமானது, வயலுக்கு எருவும் ஆனது.

1895-இல் பெரியாறு அணை வந்தது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திரும்பியது. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அந்தப் புதுத் தண்ணீரும் பழைய கண்மாய்களில் போய் நின்றது.

மதுரை நகருக்குள்தான் மனசு கனக்கிறது. தல்லாகுளம் கண்மாய் இப்போது பெயரில் மட்டும் இருக்கிறது. பலத்த மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்து தெருவில் நிற்கிறது.

(காட்சி: மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய், பங்குனி மாதம், விடியற்காலை)

அறுவடை முடிந்து தண்ணீர் முழங்காலுக்கு வற்றிவிட்டது. கரை நெடுக ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையும் வலையுமாகச் சனம் காத்து நிற்கிறது. யாரும் முந்தி இறங்குவதில்லை. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒன்றாக இறங்குகிறார்கள். விராலோ கெண்டையோ, பிடித்ததை விற்காமல் வீட்டில் சமைத்தால் அடுத்த வருஷமும் மழை பெய்து கண்மாய் பெருகும் என்பது நம்பிக்கை. அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மீன்குழம்பு வாசம்.