இலங்கைக்கு எந்த மாசம் போகலாம்? முதல்ல எந்தப் பக்கம்னு சொல்லுங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்கு வீடியோ முழுக்க ஒரே விஷயம்தான். இலங்கைக்கு எந்த மாசம் போகலாம்?

இதுக்கு நெட்ல எங்க தேடினாலும் "டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்"னு ஒரு பதில் வந்து நிக்கும். அது பாதி நாட்டுக்குத்தான் சரி. அதை நம்பி டிசம்பர்ல திருகோணமலை நிலாவெளியில ரூம் போட்டீங்கன்னா, கடல்ல இறங்க முடியாம ஜன்னல் வழியா மழையைத்தான் பாத்துட்டு இருக்கணும். அதே நாள்ல அந்தப் பக்கம், தென்மேற்குக் கரையில இருக்கிற காலிங்கிற (Galle) ஊர்ல பளிச்சுன்னு வெயில் அடிச்சுட்டிருக்கும். இவ்வளவு சின்ன தீவுல எப்படி இப்படி?

மேப்பைத் திரையில போடுறேன், பாருங்க. தீவோட நடுவுல, கொஞ்சம் தெற்கு தள்ளி, இந்தப் பழுப்பு நிறம் இருக்குல்ல? அதுதான் மலைநாடு. 2,500 மீட்டர் வரைக்கும் உயரம் போகுது. மே மாசக் கடைசியில தென்மேற்குப் பருவக்காத்து இந்து மகாசமுத்திரத்துல இருந்து ஈரத்தைச் சுமந்துகிட்டு வந்து இந்த மலை மேல மோதுது. மேல ஏறுது, குளிருது, மொத்த மழையையும் இந்த மேற்குச் சரிவுலயே கொட்டிடுது. ஹட்டனுக்குக் கீழ வட்டவளைங்கிற ஊர்ல வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குற காத்துல ஈரமே இருக்காது. வறண்டு, சூடாகி, மட்டக்களப்பு வரைக்கும் அப்படியே வீசும். அதுக்கு அங்க கச்சான் காத்துன்னு பேரு. மதியத்துல முகத்துல அடிச்சா அனல் தெரியும்.

டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் இது அப்படியே திரும்பிடும். வங்கக்கடல்ல இருந்து வர்ற வடகிழக்குக் காத்து யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாத்தையும் நனைக்கும். அப்ப தென்மேற்குக் கரை காஞ்சிருக்கும்.

இதைப் புத்தகத்துல படிக்கிறது வேற, உக்காந்து பாக்குறது வேற. ஒரு ஜூலை மாசம் கண்டியில இருந்து எல்லங்கிற (Ella) மலை ஊருக்குப் போற ரயில்ல போனேன். நானு ஓயா தாண்டுனதுல இருந்து சாரல். ஜன்னல் கதவு கீழ இறக்கியாச்சு, எல்லாரும் ஸ்வெட்டரைப் போட்டாச்சு, வெளிய பத்தடி தூரத்துல மரம் தெரியல. பட்டிப்பொலன்னு ஒரு ஸ்டேஷன் வருது. 1,891 மீட்டர் உயரம், இலங்கையிலயே உயரமான ரயில் நிலையம் அதுதான். அதைத் தாண்டுனதும் ஒரு சுரங்கம். மத்திய மாகாணம் முடிஞ்சு ஊவா மாகாணம் ஆரம்பிக்கிறது அங்கதான். இருட்டுக்குள்ள போய் வெளிய வந்தா வெயில்! கண்ணு கூசுது. பள்ளத்தாக்கு மொத்தமும் தெளிவா விரிஞ்சு கிடக்கு. பெட்டியில இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்துல ஜன்னலைத் தூக்கினாங்க. எதிர்ல உக்காந்திருந்த ஒரு அம்மா ஈரத் துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில காயப் போட்டாங்க. எப்பவும் இப்படியேதான்னு சொல்லமாட்டேன், சில நாள் ரெண்டு பக்கமும் மேகம் இருக்கும். ஆனா அந்தச் சுரங்கத்தோட ரெண்டு வாசல்ல ரெண்டு பருவம் இருக்கிறதைப் பாத்துட்டா, அப்புறம் மாசத்தை மட்டும் வெச்சு யாரும் திட்டம் போட மாட்டீங்க.

தேயிலைக்காரங்க இந்தக் கணக்குலதான் வாழ்றாங்க. ஊவா தேயிலையில மணம் அதிகமா இருக்கிறது ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும். அந்த வறண்ட காத்துல கொழுந்து மெதுவா வளரும், வாசம் இறுகும். மலைக்கு மேற்கால திம்புள்ள பக்கம் அதே தரம் கிடைக்கிறது ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும். ஆகஸ்ட்ல மலைநாடு போறவங்களுக்கு நான் தைரியமா சொல்றது இதுதான்: நுவரெலியாவுல ஒரு ராத்திரி போதும், மிச்ச நாளை பண்டாரவளை, எல்ல, பதுளை பக்கம் வெச்சுக்கோங்க.

சரி, இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். நமக்கு லீவு கிடைக்கிறது நம்ம கையில இல்ல. தமிழ்நாட்டுல குழந்தைங்க படிக்கிற வீடுன்னா மே மாச லீவு, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, அவ்வளவுதான். அதனால மாசத்தை அப்படியே வெச்சுக்கிட்டு பக்கத்தை மட்டும் மாத்துவோம்.

மே மாசம் போறீங்களா? கிழக்குக்குப் போங்க. பாசிக்குடா, நிலாவெளி ரெண்டும் அப்ப அருமையா இருக்கும். பாசிக்குடாவுல ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பளவுதான், அலையே இருக்காது. சின்னப் பசங்களை வெச்சுக்கிட்டுப் போறவங்களுக்கு இதை விட நல்ல கடற்கரை அந்த நாட்டுல இல்லைங்கிறது என் கருத்து. திருகோணமலையில திமிங்கலம் பாக்கப் படகு போறதும் இந்தச் சமயம்தான். வெயில் கடுமையா இருக்கும், சிகிரியா பாறைக் கோட்டை ஏறுறதா இருந்தா கதவு திறக்குற நேரத்துக்கே போய் நின்னுடுங்க. மாசக் கடைசியில கொழும்பு, காலி, இரத்தினபுரி பக்கம் பெருமழை ஆரம்பிக்கும், தாழ்வான ஊர்கள்ல வெள்ளம் வர்றதும் உண்டு. அந்தப் பக்கத்தை முதல் நாள்கள்ல முடிச்சுட்டு கிழக்கே நகர்ந்துடுங்க.

ஆகஸ்ட்ல ஒரு வாரம் லீவு போட முடிஞ்சவங்க கொடுத்து வெச்சவங்க. யாழ்ப்பாணத்துல நல்லூர் கந்தசாமி கோயில் திருவிழா, 25 நாள். கண்டியில எசல பெரஹராங்கிற யானை ஊர்வலத் திருவிழா. ரெண்டும் பஞ்சாங்கப்படி வர்றதால தேதி ஒவ்வொரு வருஷமும் மாறும், ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவுல வரும். வெளிநாட்டுல இருக்கிற யாழ்ப்பாணத்து மக்கள் மொத்தமா ஊருக்கு வர்ற நேரம் அது, ரூமை ரொம்ப முன்னாடியே பிடிச்சிடணும். கிழக்குக் கரையில அறுகம்பேயில அலைச்சறுக்கு விளையாடுறவங்க கூட்டமும் அப்பதான் உச்சத்துல இருக்கும்.

காலாண்டு லீவு, செப்டம்பர் கடைசி. இதுக்குன்னே ஒரு காட்சி இருக்கு. வறட்சியில மின்னேரியா குளம் வத்த வத்த, தண்ணி விலகுன இடத்துல பச்சைப் புல் முளைக்கும். மகாசேனன்ங்கிற ராஜா 3-ஆம் நூற்றாண்டுல கட்டின குளம் அது. சுத்துக் காட்டுல இருக்கிற யானைங்க எல்லாம் சாயங்காலமா புல்லுக்கும் தண்ணிக்கும் அங்க வந்து சேரும். குட்டிங்க தாயோட காலுக்கு நடுவுல புகுந்து புகுந்து நடக்கும், பெரிய யானை புல்லைப் பிடுங்கி, வேர்ல இருக்கிற மண்ணைத் தன் கால்ல தட்டித் தட்டி உதறிட்டுத்தான் வாயில வைக்கும். அதை மட்டும் ஒரு மணி நேரம் பாக்கலாம். சில வருஷம் குளத்துல தண்ணி நிறைய நிக்கும், அப்ப யானைங்க பக்கத்துல இருக்கிற கவுடுல்ல குளத்துப் பக்கம் போயிடும். ஜீப் ஓட்டுறவங்களுக்கு அன்னைக்கு எங்க இருக்குன்னு தெரியும், கேட்டுட்டே ஏறுங்க. ஆனா அதே சமயத்துல யால சரணாலயத்துல சிறுத்தை பாக்கலாம்னு மட்டும் திட்டம் போடாதீங்க. வறட்சிக்காக செப்டம்பர்ல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் யாலவோட முக்கியமான முதல் பகுதியை வழக்கமா மூடிடுவாங்க.

அரையாண்டு லீவுன்னா யோசிக்கவே வேணாம், தெற்கும் மேற்கும். காலி கோட்டை, மிரிஸ்ஸவுல திமிங்கலப் படகு. சிவனொளிபாத மலைக்கும் (Adam's Peak) அப்பதான் பருவம் தொடங்கும். டிசம்பர் பௌர்ணமியில இருந்து மே மாசம் வெசாக் பௌர்ணமி வரைக்கும் ராத்திரி பூரா படியில விளக்கு எரியும், வழி நெடுக டீக்கடை இருக்கும். 5,000-க்கும் மேல படி. விளக்கு இருக்கிற மாசத்துல வயசானவங்க கூட மெதுவா உக்காந்து உக்காந்து ஏறிடுறாங்க. மத்த மாசத்துல இருட்டு, காத்து, மழை, அட்டைப்பூச்சி. வழி தெரிஞ்சவங்க துணை இல்லாம அப்ப ஏறவே ஏறாதீங்க.

ஏப்ரல் மாசத்தைப் பத்தி ஒரு வார்த்தை. அப்ப ரெண்டு பருவக்காத்தும் இல்ல, ரெண்டு பக்கக் கடலும் அமைதி, மதியத்துக்கு மேல இடி மழை மட்டும் வந்து போகும். தீவு முழுக்க சுத்தணும்னா இதுதான் நல்ல மாசம். ஆனா 13, 14 தேதி புத்தாண்டு. கொழும்புல கடையெல்லாம் சில நாள் மூடியிருக்கும், பஸ்ல இடம் கிடைக்காது, அந்த ஊர் மக்களே குளிர் தேடி நுவரெலியாவுக்குக் கிளம்பிடுவாங்க. அந்த வாரத்தை மட்டும் விட்டுட்டுப் போங்க.

தீபாவளி லீவுல போலாமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில், வேணாம். அக்டோபர், நவம்பர்ல எந்தப் பக்கமும் உறுதியா சொல்ல முடியாது. காத்து மாறுற நேரம், வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம் உருவாகுற நேரம். 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் என்ன செஞ்சதுன்னு பாத்தோம். மலைநாட்டுல மண்சரிவு, நூத்துக்கணக்கான உயிர் போச்சு, ரயில் பாதை பல இடத்துல அறுந்துச்சு. நான் சொன்ன அந்த மலை ரயில்ல போக ஆசைப்படுறவங்க, எந்தப் பகுதி வரைக்கும் ஓடுதுன்னு விசாரிச்சுட்டு டிக்கெட் எடுங்க.

நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறை கப்பல்ல போகலாம்னு இருக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். 2023 அக்டோபர்ல அந்தச் சேவையைத் தொடங்கி, பருவமழை வந்ததால சில நாள்லயே நிறுத்த வேண்டியதாச்சு. அப்புறம் 2024 ஆகஸ்ட்லதான் மறுபடி ஓடுச்சு. வடகிழக்குப் பருவத்துல அந்தக் கடல் கொந்தளிக்கும், அதனால நவம்பர், டிசம்பர்ல கப்பலை நம்பி ரூம் போடாதீங்க, விமானத்தைப் பாருங்க.

கிளம்புறதுக்கு முந்தின வாரம், இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தோட தளத்தைத் திறங்க. மாகாணம் மாகாணமா அறிக்கை தமிழ்லயே இருக்கு. மலைநாடு போறவங்க தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுற மண்சரிவு எச்சரிக்கையையும் சேர்த்துப் பாத்துடுங்க. நீங்க தங்கப்போற ஊர் அதுல இருந்தா, அந்த ராத்திரியை வேற ஊருக்கு மாத்திடுங்க.