வாரிசெல்லா: குட்டி அம்மை என்று பெயர் வைத்த கதை
(குன்னூரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூட்டத் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் முன்வரிசையை நிரப்பியிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, லயன் வீடுகள்தோறும் ஏறி இறங்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களே, வாடகை வாங்காமல் கூடத்தைத் தந்த தோட்ட நிர்வாகத்தாரே, மைக் கட்டிய தம்பிகளே, பக்கத்து ஹட்டிக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

சின்னம்மையைப் பற்றி மூன்று சங்கதிகள்: பெயர், பராமரிப்பு, தடுப்பூசி.

சிச்சிலுப்பை, நீர்க்கொளுவான் என்று நாம் சொல்வதை ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘வாரிசெல்லா’ என்று எழுதுகிறார்கள். பெரியம்மைக்கு வாரியோலா என்று பெயர். புள்ளி புள்ளியானது என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதைக் குறுக்கி, குட்டி வாரியோலா என்ற பொருளில் 1764இல் ஜெர்மானிய மருத்துவர் வோகல் வைத்த பெயர்தான் வாரிசெல்லா. நாமும் சின்னம்மை என்றே அழைத்தோம். உண்மையில் இரண்டுக்கும் உறவே இல்லை. சின்னம்மையைக் கொண்டுவருவது ஹெர்ப்பிஸ் என்னும் வேறு குடும்பத்துக் கிருமி. 1767இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் இரண்டையும் பிரித்துக் காட்டினார். சின்னது வந்து போனவர், பெரியது வந்து போயிற்று, இனி வராது என்று தெம்பாக இருந்துவிடுவாரே, அன்று அதுதான் ஆபத்து. பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். குட்டி மட்டும் நம் லயனில் உலாவுகிறது. பாம்பு சிறிதானாலும் பெரிய தடி கொண்டு அடி!

இனி பராமரிப்பு. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்து, எல்லாம் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். தொற்றியவருக்கு 10 முதல் 21 நாளில் அம்மை போடும். பக்கத்து வீட்டில் போட்டு மூன்று வாரம் ஆகாமல் ‘தப்பித்தோம்’ என்று சொல்லாதீர்கள். மூன்று தண்ணீர் ஊற்றும் வரை குளிக்கக் கூடாது என்பது வழக்கம். நம் குளிரில் கம்பளிக்குள் வியர்த்து, அழுக்கு நகத்தால் சொறிந்தால் கொப்புளம் சீழ் பிடிக்கும், தழும்பு நிற்கும். வேப்பிலை போட்டே ஊற்றுங்கள், ஆனால் தினமும், வெதுவெதுப்பாக. துண்டால் தேய்க்காமல் ஒற்றுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும். பெரியவர்களுக்கோ கர்ப்பிணிக்கோ போட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். கிருமிக்கான மாத்திரையை 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

ஒரு தகப்பன் கதை கேளுங்கள். ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி, 1964இல் அமெரிக்காவில் ஆராய்ச்சியில் இருந்தார். மூன்று வயது மகனுக்கு, கூட விளையாடிய பிள்ளையிடமிருந்து அம்மை தொற்றியது. உடம்பெல்லாம் கொப்புளம், காய்ச்சல், மூச்சுத் திணறல். கிருமி படித்த டாக்டர். பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில் கண் விழித்து உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை! பையன் பிழைத்தான். அப்பா விடவில்லை. ஊர் திரும்பி, ஓக்கா என்ற குடும்பத்துச் சிறுவனின் கொப்புள நீரிலிருந்து கிருமியை எடுத்தார். 34 டிகிரிச் சூட்டில் மனித உயிரணுக்களில் மாற்றி மாற்றி வளர்த்தார், பிறகு கினிப் பன்றியின் உயிரணுக்களில் வளர்த்தார். கிருமியின் வீரியம் அடங்கியது. 1974இல் தடுப்பூசி வந்தது. பாம்புக்கேற்ற தடி அதுதான்.

அந்தத் தடி நமக்கு எங்கே? அரசின் இலவச அட்டவணையில் இல்லை. காசு கொடுத்துப் போட்டால் இரண்டு தவணை. கொழுந்து பறிக்கிறவருக்குப் பல நாள் கூலி. 1907 முதல், தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் இருக்கிற குன்னூரிலேயே இந்த நிலை! அட்டவணையில் சேருங்கள், இங்கேயே தயாரிக்க ஆராயுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம். பாம்பு சிறிதானாலும் பெரிய தடி வேண்டும், ஐயா.

இதே கிருமி பின்னாளில் கிளப்பும் அக்கியைப் பற்றி இன்னொரு நாள். கோத்தகிரி பஸ்ஸுக்கு நேரமாகிறது. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கைநாட்டும் செல்லும், மை டப்பா செவிலியர் அம்மாவிடம்.