ஒரே 303, ரெண்டு விலை! பழைய ரைபிள் தோட்டாவுக்கு நியாயமான விலை போடுறது எப்படி?

[திரையில்: மூணு பழைய அட்டை டப்பா, பக்கத்துப் பக்கத்துல]

இந்த மூணு டப்பாவையும் நல்லாப் பாருங்க. மூணும் ரைபிள் தோட்டா டப்பா, மூணுலயும் 303-ங்கிற தோட்டா ரகப் பேர்தான் போட்டிருக்கு. மூணும் ஒரே வீட்டு பேஸ்மென்ட்ல, ஒரே அலமாரியில கிடந்தது. ஆனா ஒண்ணை ஆளுங்க தேடி வந்து வாங்குவாங்க. இன்னொண்ணு சாதாரண விலைக்குப் போகும். இன்னொண்ணுல தோட்டாவை விட அந்த அட்டைக்குத்தான் காசு! எது எதுன்னு இப்பவே கமென்ட்ல எழுதிட்டு வாங்க. நடுவுல மாத்தக் கூடாது.

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல இருக்குற நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பின போட்டோ இது. பக்கத்து வீட்ல ஒரு வயசான அம்மா. வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகுது. "அண்ணா, ஒருத்தர் வந்து மூணுக்கும் சேத்து இருபது டாலர் தர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இது நியாயமாப்பான்னு அந்தம்மா என்கிட்ட கேக்குறாங்க. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது"ன்னு எழுதியிருந்தாரு. படிச்சதும் மனசு கேக்கல. அதனாலதான் இந்த வீடியோ.

[திரையில்: சிவப்பு எழுத்துல எச்சரிக்கை]

சட்டத்தைச் சட்டுனு சொல்லிடுறேன். இந்தியாவுல 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா வெச்சிருக்குறதே குற்றம். தாத்தா டிரங்குப் பெட்டியில ஒண்ணு கிடைச்சா, விலை விசாரிக்காதீங்க, போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க. அமெரிக்காவுல தனி ஆள் விக்கலாம், ஆனா மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். அரசாங்கத் தபால்ல அனுப்பவே முடியாது, தனியார் கூரியர்தான், அதுக்கும் தனி விதி இருக்கு. இன்னொண்ணு, அமெரிக்காவுல வேட்டைக்குப் போற நம்ம ஆளுங்க ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பையை உதறிப் பாருங்க. பை ஓரத்துல மறந்துபோன ஒத்தைத் தோட்டாவால இந்திய ஏர்போர்ட்ல கேஸ் வாங்கினவங்க நிறைய பேர்.

சரி, 303.

நமக்கு "முன்னூத்தி மூணு"ன்னா போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நின்ன ரைபிள்தான் ஞாபகம் வரும். அதுல போடுற தோட்டாதான் பிரிட்டிஷ் 303. 1888-ல பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்டது. உத்தரப் பிரதேச போலீஸ் அந்த ரைபிளுக்குப் பிரிவுபசாரம் பண்ணினது 2020 குடியரசு தினத்துல! ரெண்டு உலகப் போருக்கும் கணக்கு வழக்கில்லாம தயாரிச்சாங்க. அதனால பழசு இன்னும் நிறைய கிடைக்குது, புதுசும் வந்துக்கிட்டு இருக்கு.

இப்போ இந்த இன்னொரு டப்பா. இது 303 சாவேஜ். ஆர்தர் சாவேஜ்னு ஒருத்தர், ஜமைக்காவுல பிறந்தவர், நியூயார்க் மாநிலத்துல யூட்டிக்காங்கிற ஊர்ல துப்பாக்கி கம்பெனி நடத்தினாரு. 1899 மாடல்னு ஒரு ரைபிள். அதோட பக்கவாட்டுல ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், உள்ள எத்தனை தோட்டா மிச்சம்னு அதுல நம்பர் தெரியும். 1890-கள்ல இப்படி ஒரு யோசனை! எனக்கு அந்த ஜன்னல் மேல அவ்ளோ ஆசை. அந்த ரைபிள் வரிசைக்காகவே வந்த தோட்டா இது.

பேர்ல 303 இருக்கே தவிர, ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. பிரிட்டிஷ் தோட்டாவோட கூடு, அதாவது மருந்து அடைக்கிற பித்தளைக் குழல், கிட்டத்தட்ட 56 மில்லிமீட்டர் நீளம், சாவேஜ் 51 தான். குண்டோட பருமனும் வேற. இதை அதுல போட முடியாது, போடவும் முயற்சி பண்ணக் கூடாது.

விலையோட ரகசியம் இங்கதான் இருக்கு. அபூர்வமா இருந்தா விலை ஏறிடும்னு நாம நினைக்கிறோம். உலகத்துலயே அஞ்சு டப்பாதான் இருக்கு, ஆனா அதைச் சுடுற ரைபிள் ஒருத்தர்கிட்டயும் இல்ல, சேகரிக்கவும் ஆள் இல்லன்னா, அது வெறும் பித்தளைதானே? எத்தனை ரைபிள் இன்னும் பசியோட காத்துக்கிட்டு இருக்குன்னு பாக்கணும். 303 சாவேஜ்ல அதுதான் நடக்குது. தாத்தா ரைபிள் பேரன்கிட்ட வந்து சேர்ந்திருக்கு, தோட்டாவைப் பெரிய கம்பெனிகள் வழக்கமா பண்றதை எப்பவோ நிறுத்திட்டாங்க. சிலர் 220 ஸ்விஃப்ட்ங்கிற வேற தோட்டாவோட கூட்டை உருமாத்தி, தாங்களே மருந்து நிரப்பிக்கிறாங்க. அந்த மெனக்கெடலுக்கு ஆகுற செலவுதான் இந்த டப்பாவோட விலைக்கு ஒரு கூரை. அதுக்கு மேல கேட்டா, "நானே பண்ணிக்கிறேன்"னு போயிடுவாங்க.

[திரையில்: டப்பாவின் ஓரம், பூதக்கண்ணாடி]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். இந்த டப்பாவுக்கு என்ன வயசு?

தோட்டாவை விடுங்க, அட்டையைப் படிங்க. கம்பெனி விலாசத்துல நம்ம பின்கோடு மாதிரி அஞ்சு இலக்க ஜிப் கோடு இருக்கா? அமெரிக்காவுல ஜிப் கோடு 1963 ஜூலை 1-ல வந்தது. அப்போ டப்பா அதுக்கு முந்தினதா இருக்க முடியாது. "குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்"னு எச்சரிக்கை இருக்கா? அபாயப் பொருள் லேபிள் சட்டம் 1960-ல வந்தது, அதுக்கப்புறம் பரவின வாசகம் அது. கோடு கோடா பார்கோடு இருக்கா? கடையில முதல் பார்கோடை ஸ்கேன் பண்ணினது 1974 ஜூன்ல, அதுவும் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை! பார்கோடு போட்ட டப்பாவை "உலகப் போர் காலத்துது"ன்னு யாராவது விக்க வந்தா, சிரிச்சுக்கிட்டே கும்பிடு போட்டுடுங்க.

இதே வித்தையை நீங்க நம்ம ஊர்லயே பண்ணலாம்! பழைய பிஸ்கட் டின், சிவகாசி தீப்பெட்டி, நகைக்கடை டப்பா எதையாவது எடுங்க. "மெட்ராஸ் ஸ்டேட்"னு போட்டிருந்தா, 1969-ல தமிழ்நாடுன்னு பேர் மாறினதுக்கு முந்தினதுன்னு நினைக்கலாம். ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தினது, அன்னைக்குத்தான் பின்கோடு வந்தது. "சென்னை - 1"னு மட்டும் இருந்து 600 001 இல்லன்னா பழசா இருக்க வாய்ப்பு அதிகம். இங்கிலீஷ்ல "மெட்ராஸ்" போய் "சென்னை"ன்னு வந்திருந்தா 1996-க்கு அப்புறம். உங்க வீட்டு அலமாரியே ஒரு மியூசியம் நண்பர்களே, நிஜமா சொல்றேன்.

ஆனா ஒரு ஜாக்கிரதை. இருக்குற அடையாளம், "இதுக்கு முந்தினது இல்ல"ன்னு உறுதியாச் சொல்லும். இல்லாத அடையாளம் உறுதியா எதையும் சொல்லாது. பழைய லேபிள் கட்டு தீர்ற வரைக்கும் ஒட்டுற முதலாளி எல்லா நாட்டுலயும் உண்டு.

அடுத்து தோட்டாவோட அடியைப் பாருங்க. வட்டமா எழுத்து அடிச்சிருப்பாங்க. "ரெம்-யூஎம்சி"ன்னு இருந்தா, ரெமிங்டனும் யூனியன் மெட்டாலிக் கம்பெனியும் ஒண்ணு சேர்ந்த 1910-கள்ல இருந்து வந்த வரிசை. "ஆர்-பி"ன்னு இருந்தா ரெமிங்டன்-பீட்டர்ஸ், 1960-க்கு அப்புறம். டப்பா ஒரு காலம், உள்ள இருக்குற தோட்டா வேற காலம்னா, யாரோ மாத்தி அடுக்கியிருக்காங்க. சேகரிக்கிறவர் அதைப் பாத்த உடனே விலையைக் குறைப்பாரு.

நம்ம நேயர் அனுப்பின பிரிட்டிஷ் 303 தோட்டாவோட அடியில என்ன இருந்துச்சு தெரியுமா? "கே.எஃப்."! அது கிர்க்கி ஃபேக்டரி. நம்ம புனே பக்கத்துல, இப்போ கட்கின்னு சொல்றோமே, அங்க 1869-ல ஆரம்பிச்ச வெடிமருந்துத் தொழிற்சாலை. புனேயில பிறந்த தோட்டா பென்சில்வேனியா பேஸ்மென்ட்ல உக்காந்திருக்கு! எனக்குப் புல்லரிச்சிருச்சு.

புல்லரிச்சாலும் விலை ஏறாது. அந்தக் கால ராணுவத் தோட்டாவோட ப்ரைமர்ல, அதாவது அடியில தீப்பொறி கிளப்புற சின்ன மூடியில, பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடிச்சா மிஞ்சுறது ஒரு வகை உப்பு. மழைக்காலத்துல நம்ம அடுப்படி உப்பு ஜாடி கசியுதே, அதே கதை ரைபிள் குழாய்க்குள்ள நடக்கும், துருப்பிடிக்கும். சுட்ட அன்னைக்கே தண்ணி விட்டுக் கழுவணும். இந்தத் தொல்லை இருக்குறதால சுடுறவங்க குறைச்சலாத்தான் கொடுப்பாங்க.

நிலைமை எப்படின்னு ஒரு வரியில சொல்லிடுறேன்: பச்சைக் களிம்பு, கூட்டோட கழுத்துல விரிசல், புளிச்ச வாடை, இதுல ஒண்ணு இருந்தாலும் சுடுறதுக்குன்னு விக்காதீங்க. பளபளன்னு தேய்க்கவும் தேய்க்காதீங்க.

[திரையில்: கணக்கு நோட்டு]

இப்போ விலை. ஏல வலைத்தளத்துல ஒருத்தர் 150 டாலர்னு போட்டு வெச்சிருப்பாரு. அது அவரோட ஆசை, விலை இல்ல. முடிஞ்ச ஏலத்தைப் பாருங்க, நிஜமாவே யாராவது பணம் கட்டினது எவ்வளவுன்னு. கணக்குப் புரியறதுக்காக ஒரு உதாரணம் எடுத்துக்குவோம்: அஞ்சு முழு டப்பா போன விலை 38, 44, 45, 52, 120. சராசரி போட்டா கிட்டத்தட்ட 60 வரும். ஆனா நாலு பேர் 60 கொடுக்கவே இல்லையே! அந்த 120 தோட்டாவுக்கு இல்ல, டப்பாவுக்கு. கரடி படம் போட்ட பழைய வின்செஸ்டர் டப்பா மாதிரி, மூலை மடங்காம, நிறம் வெளுக்காம இருந்தா, சேகரிக்கிறவங்க அட்டைக்காக அடிச்சுக்குவாங்க. காலி டப்பாவே தனியா விலை போகும். அதனால சராசரியை விட்டுட்டு நடுவுல நிக்குற 45-ஐ எடுங்க.

டப்பாவுக்கு 20 தோட்டா. உங்ககிட்ட 14 தோட்டாவும் 6 காலிக் கூடும் இருந்தா? ஒரு தோட்டா 2.25 டாலர், 14-க்கு 31.50. முழு டப்பா இல்லாததுக்குக் கொஞ்சம் கழிங்க, கூட்டை மறுபடி நிரப்புறவங்களுக்காகக் கொஞ்சம் கூட்டுங்க. 30 டாலர்னு சொன்னா யாரும் யாரையும் ஏமாத்தல. காலிக் கூட்டைத் தயவுசெஞ்சு குப்பையில போடாதீங்க!

கடைக்காரர் இதுல பாதி கொடுத்தா கோவப்படாதீங்க. அவர் ரெண்டு வருஷம் அலமாரியில வெச்சுக் காத்திருக்கணும். ஆனா அஞ்சுல ஒரு பங்கு கொடுத்தா, அது தெரியாதவங்களைப் பாத்துச் சொல்ற விலை. எனக்கு அதுதான் பொறுக்க மாட்டேங்குது.

எப்போ விக்கணும்? மான் வேட்டை சீசனுக்கு முன்னாடி. பென்சில்வேனியாவுல ரைபிள் சீசன் நன்றித் திருநாளை ஒட்டி நவம்பர் கடைசியில ஆரம்பிக்கும். செப்டம்பர், அக்டோபர்ல தாத்தா ரைபிளை எடுத்துத் துடைக்கிறவங்களுக்குத்தான் தோட்டா ஞாபகம் வரும்.

[திரையில்: மறுபடியும் அந்த மூணு டப்பா]

யூகத்தைச் சரிபாத்துக்கோங்க. இடது பக்கம் கே.எஃப். 303, சாதாரண விலை. நடுவுல 303 சாவேஜ், முழு 20 தோட்டா, சுத்தமா இருக்கு, இதைத்தான் தேடி வருவாங்க. வலது பக்கம், அதுவும் சாவேஜ்தான், உள்ள ஆறே தோட்டா, களிம்பு பிடிச்சது. ஆனா அட்டை ரெண்டு துண்டா, மூடி தனியா வர்ற பழங்கால டப்பா. அட்டைக்குத்தான் காசு.

நேயருக்கு நான் எழுதினது இவ்வளவுதான்: இருபது டாலருக்கு மூணையும் கொடுக்க வேண்டாம். நடு டப்பாவை மட்டும் அந்த ஊர் வேட்டைக் கிளப் அறிவிப்புப் பலகையில போடச் சொல்லுங்க. நேத்து பதில் வந்துச்சு. ரெண்டு தெரு தள்ளி ஒரு பையன், தாத்தாவோட சாவேஜ் ரைபிளை வெச்சுக்கிட்டு தோட்டா கிடைக்காம இருந்தானாம். அந்தம்மா 45 கேட்டிருக்காங்க, அவன் 50 கொடுத்துட்டு மீதி வேண்டாம்னு சொல்லிட்டானாம். வலது பக்க டப்பாவை அவங்க விக்கல. மூடியில அவங்க வீட்டுக்காரர் பென்சிலால ஏதோ தேதி எழுதி வெச்சிருக்காராம்.