ஆறப் பொறுக்க வேண்டும்

(கோவையில் நடந்த வார்ப்படத் தொழில் மேற்பார்வையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, பல அலுவல்களுக்கு இடையிலும் ஐந்து மணிக்கே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் அவர்களே, தம் மாணவர்கள் முப்பது பேரை உடன் அழைத்து வந்திருக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலைய முதல்வர் அம்மா அவர்களே, கணபதியிலிருந்தும் சிங்காநல்லூரிலிருந்தும் அரசூரிலிருந்தும் ஷிப்ட் முடிந்த கையோடு, சிலர் மணல் படிந்த சட்டையோடே, வந்து அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளத் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த தலைவர் அவர்கள், நான் மணல் அச்சு செய்யும் மோல்டிங் பிரிவில் உதவியாளாகச் சேர்ந்த காலத்திலேயே பவுண்டரி என்னும் வார்ப்படாலை நடத்திக்கொண்டிருந்தவர். அவர் கையால் பெற்ற இந்த ஆடையை என் தொழிலுக்குக் கிடைத்த மரியாதையாகவே ஏற்றுக்கொள்கிறேன். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அன்பருக்கும், எல்லோருக்கும் தேநீர் கொடுத்த இளைஞர்களுக்கும் நன்றி.

ஆட்களை நடத்துவதில் பொறுமையின் பயன் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதில் மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்: தவறு நடந்தபோது காட்ட வேண்டிய பொறுமை, பிறர் சொல்வதைக் கேட்பதில் வேண்டிய பொறுமை, ஒருவர் வளர்ந்து வரும்வரை காத்திருக்கும் பொறுமை. மூன்றுக்கும் சேர்த்து நம் வீடுகளில் ஒரு பழமொழி உண்டு. 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லையாம்' என்பார்கள். சோற்றுக்காகச் சொன்ன இந்தப் பழமொழி, உருக்கிய இரும்பை ஊற்றிப் பிழைக்கும் நமக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

தொழிற்பயிற்சி மாணவர்கள் இருப்பதால் சற்று விளக்குகிறேன். ஏறத்தாழ 1,350 முதல் 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வார்ப்பிரும்பை மணல் அச்சில் ஊற்றுகிறோம். சிறிது நேரத்தில் மேல்தோல் இறுகிவிடுகிறது. பார்ப்பவருக்கு வேலை முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் உள்ளே தடித்த பகுதி ஒரு வேகத்திலும் மெல்லிய பகுதி வேறொரு வேகத்திலும் குளிர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் மணல் அச்சைத் தாங்கும் பாக்ஸைப் பிரித்து வார்ப்பை வெளிக்காற்றில் போட்டால், உள்ளிறுக்கம் தாங்காமல் அது கோணும், அல்லது வெடிக்கும். சில சமயம் ஓரங்கள் கண்ணாடிபோல் கடினமாகி, வார்ப்பைக் கடையும் மெஷின் ஷாப்பில் வெட்டும் டூலை உடைக்கும்.

1980களின் நடுவில் இந்தத் தவறை நானே செய்தேன். பம்ப் கேசிங், அதாவது பம்பின் வெளிக்கூடு, ஆர்டர் ஒன்று. இரவு லாரி வாசலில் நிற்கிறது. முதலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் வேலையை முடித்து நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில், ஊற்றி ஒரு மணி நேரம்கூட ஆகாத பாக்ஸ்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒன்பதைப் பிரித்தேன். இரும்பு இன்னும் சிவப்பு மாறாமல் கிடந்தது. பத்தாவதில் கை வைத்தபோது பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. போல்ட் மாட்டும் விளிம்பான பிளேஞ்ச், உடம்போடு சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. பிறகு இன்னொரு சத்தம். விடிவதற்குள் ஒன்பதில் ஏழு வெடித்துவிட்டன.

மேஸ்திரி வந்து பார்த்தார். என் கால்கள் நடுங்கின. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பையனை அனுப்பி இரண்டு டீ வாங்கி வரச் சொன்னார். ஒன்றை என் கையில் கொடுத்து, "கண்ணு, முதல்ல இதைக் குடி, அப்புறம் என்ன நடந்துதுன்னு சொல்லு" என்றார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பின்னர் மிச்சமிருந்த பாக்ஸ்களின் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து என்னையும் உட்காரவைத்துத் தாமும் உட்கார்ந்தார். எந்த இடம் தடிப்பு, எந்த இடம் மெலிவு, எது முதலில் ஆறும், எது கடைசியில் ஆறும் என்று விரலால் மணலில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டே இரவைக் கழித்தார். அதிகாலை ஐந்து மணிக்கு என் கையாலேயே பிரிக்கச் சொன்னார். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஏழரை மணிக்கு முதலாளி வந்து சத்தம் போட்டபோது, ரிஜெக்ஷன் பதிவேட்டில் தம் பெயருக்கு நேராக ஏழு என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு மேஸ்திரி சொன்னார்: "ஆக்கப் பொறுத்தோமுங்க, ஆறப் பொறுக்கோணுமுங்க." அவர் இரும்பைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று முப்பது ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் அவசரப்பட்டு ஒரு பாக்ஸைக்கூடப் பிரித்ததில்லை.

நாடறிந்த சான்று ஒன்றும் உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி-3 ஏவுகலம் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்முன் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். ஓராண்டுக்குள், 1980 ஜூலை 18 அன்று, அதே குழு ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கும் பெருமையைத் தவான் கலாமிடம் விட்டுக்கொடுத்தார் என்பதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதல் முயற்சி தோற்றதற்குக் காரணம் இரண்டாம் நிலைக் கட்டுப்பாட்டு அமைப்பில் பழுதான ஒரு வால்வு. குழு கலையாமல் இருந்து அடுத்த முயற்சியில் வென்றது.

வால்வு என்றதும் எனக்கு வேறொரு நினைவு வருகிறது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். நான் மேற்பார்வையாளரான புதிதில், மணல் மிக்சரில் ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் வேலை செய்தார். தண்ணீர் வால்வு கசிவது அவருக்கு முதல் நாளே தெரியும். ஆனால் முந்தின வாரம் வேறொன்றுக்காக எல்லோர் முன்னிலையிலும் நான் கத்தியதால், என்னிடம் வரப் பயந்து பேசாமல் இருந்துவிட்டார். ஈரம் மிஞ்சிய மணலில் ஊற்றிய வார்ப்புகளில் எல்லாம் புளோஹோல், அதாவது ஆவி உண்டாக்கிய துளைகள். இரண்டு நாள் உருக்கிய இரும்பு மீண்டும் உலைக்கே போனது. இத்தோடு போனதே என்று இருந்தோம். உருக்கிய இரும்பை ஏந்தும் லேடிலில் ஈரம் இருந்து அதை அவர் மறைத்திருந்தால், நீராவி இரும்பைத் தூக்கி எறிந்து உயிரையே வாங்கியிருக்கும். மேற்பார்வையாளரைக் கண்டு ஆள் பயப்படும் பவுண்டரியில் கெட்ட செய்தி கடைசியில்தான் வரும்.

பொறுமை என்பது கண்டுகொள்ளாமல் விடுவதல்ல. பூட்ஸ் போடாமல், கண்ணாடி மாட்டாமல் உலைப்பக்கம் வருபவரை அந்த நொடியே வெளியே நிறுத்துங்கள். அதில் ஒரு நிமிடப் பொறுமையும் கூடாது.

இப்போது நான் இங்கே வந்த காரணத்திற்கு வருகிறேன். இன்று நம் பவுண்டரிகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இல்லாமல் ஒரு ஷிப்ட் நடக்குமா? அவர்களை ரயிலிலிருந்து இறங்கிய மறுநாளே இத்தனை டன் முடிக்க வேண்டும் என்ற இலக்கோடு வேலையில் நிறுத்துகிறோம். மொழி புரியவில்லை, சூடு பழகவில்லை, பாக்ஸின் எடை கைக்குத் தெரியவில்லை. பத்தாம் நாள் 'சரிப்படமாட்டான்' என்று அனுப்பிவிட்டு, அடுத்தவரைத் தேடி ஏஜெண்டுக்குப் பணம் கட்டுகிறோம். வேலை பழகுவோருக்கான தொழிற்பழகுநர் சட்டம் 1961 முதல் நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் அதன் கீழ் வராமல் நேராக உலைக்கு வருகிறவருக்குப் பழகும் காலம் என்று ஒன்று இல்லை. ஆகவே புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முழுக்கூலியோடு, எண்ணிக்கை இலக்கு இல்லாத, ஆறு வாரப் பழகுகாலம் தர வேண்டும். அந்த ஆறு வாரமும் அவருக்குப் பொறுப்பாக மூத்த தொழிலாளி ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். இதைத்தான் இரண்டு ஆண்டுகளாகப் பவுண்டரி பவுண்டரியாக ஏறி இறங்கிக் கேட்டுவருகிறேன். ஆக்கப் பொறுக்கிறோம், உலை வாங்கக் கடனுக்கு மாதக்கணக்கில் பொறுக்கிறோம், ஆள் ஆற ஆறு வாரம் பொறுக்கக் கூடாதா?

இதைக் கேட்கும் தீர்மானத்தின் நகல் உங்கள் நாற்காலிகளில் இருக்கிறது. 'ஆறு வாரம்' என்பதை 'மூன்று வாரம்' என்று திருத்தலாம் என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். முதல் இரண்டு வாரம் சூட்டுக்கும் தங்குமிடத்துக்கும் உடம்பு பழகவே போய்விடும். மூன்றாம் வாரத்தில்தான் அவர் மணலைக் கையில் பிடித்துப் பார்த்து ஈரம் சொல்லத் தொடங்குவார். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டாம் என்று முதலாளிமார்களையும் பொது மேலாளர் அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் புத்தகம் வாசலருகே செயலாளரிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.