திரைக்கு இந்தப் பக்கம் நின்று பாடியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊமைப்படத்தில் கதாநாயகி பாடினார் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் பாடினார். திரையில் அவருடைய வாய் மட்டும் அசைந்தது. குரல் வந்தது அதே அரங்குக்குள்ளிருந்து. படத்தில் நடித்த பெண்ணே நேரில் நின்று, வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு பாடினார். 1919-ஆம் ஆண்டு, பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் நடந்தது இது.

அந்தப் பெண்ணின் பெயர் ஓனொராத்தா டெ லா ராமா. ஊரே அவரை ஆத்தாங் என்றுதான் அழைத்தது, நாமும் அப்படியே அழைப்போம். 1902 ஜனவரி 11 அன்று மணிலாவின் பாண்டாகன் பகுதியில் பிறந்தார். பாட்டுக்காரர்களுக்குப் பேர்போன பேட்டை அது. ஏழு வயதிலேயே ஸ்பானிய ஸர்சுவேலாக்களில் மேடையேறிவிட்டார். ஸர்சுவேலா என்பது வசனமும் பாட்டும் மாறி மாறி வரும் இசைநாடகம். ஸ்பானியர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். பிலிப்பினோக்கள் அதை வாங்கி, தகலோக் மொழியில், தங்கள் தெருக்களின் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள்.

அப்படி எழுதப்பட்ட ஒன்றுதான் ‘தலாகாங் புகித்’. கிராமத்துப் பெண் என்று பொருள். எழுதியவர் எர்மோஹெனெஸ் இலாகான், இசை லியோன் இக்னாசியோ. கதை நமக்கும் புதிதில்லை. அங்கெலிதா பூ விற்கும் பெண். அவள் மனம் சட்டம் படிக்கும் சிப்ரியானோவிடம் இருக்கிறது. பெற்றோருக்கோ சூதாட்டப் பித்து. அதனால் வட்டிக்கு விடும் கிழவர் டான் சில்வெஸ்த்ரேவுக்கு அவளைக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். கடைசியில் காதலர்கள் தேவாலயத்துக்குப் போய்க் கல்யாணத்தை முடித்துக்கொள்ள, செய்தி கேட்ட கிழவர் மயங்கி விழுகிறார். 1917-இல் இது மேடையேறியபோது அங்கெலிதாவாக நடித்த ஆத்தாங்குக்கு வயது பதினைந்து. அதில் அவர் பாடிய ‘நபாசாக் ஆங் பாங்கா’, அதாவது ‘பானை உடைந்தது’ என்ற பாட்டு மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது.

அதே 1917-இல் ஹொசே நெப்போமுசேனோ என்ற புகைப்படக்காரர் தன் ஸ்டுடியோவை விற்றுச் சினிமா எடுக்கும் கருவிகளை வாங்கினார். அதற்கு முன்பும் மணிலாவில் படங்கள் எடுக்கப்பட்டன, ஆனால் எடுத்தவர்கள் அமெரிக்கர்கள். ஒரு பிலிப்பினோ எடுக்கும் முதல் கதைப்படத்துக்கு அவர் புதுக் கதை தேடவில்லை. ஊருக்கே தெரிந்த ‘தலாகாங் புகித்’தை எடுத்தார், மேடையில் நடித்த ஆத்தாங்கையே நாயகியாகவும் வைத்தார். 1919 செப்டம்பர் 12 அன்று படம் வெளியானது.

இங்கேதான் எனக்கு ஒரு எண்ணம். நெப்போமுசேனோ கேமராவை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பாட்டை விட்டுவிட்டே படம் காட்டியிருப்பார். பார்க்க வருகிறவன் பாட்டுக்காகத்தான் வருவான், பாட்டில்லாவிட்டால் காசைத் திருப்பிக் கேட்பான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் சினிமாவின் முதல் நாளிலேயே மேடை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு, திரையில் தன் முகம் ஓட, அதற்குத் தானே குரல் கொடுத்துக்கொண்டு நிற்பது எப்படி இருந்திருக்கும்!

படங்களில் அவர் அதிகம் நடிக்கவில்லை. மருந்தியல் படித்தவர், ஆனால் வாழ்ந்தது மேடையில். ஆத்தாங்கின் உயிர் குந்திமானில் இருந்தது. குந்திமான் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் நகரும் காதல் பாட்டு. மேற்கத்திய இசையில் துயரம் தோய்ந்த ஸ்வர வரிசையான மைனரில் தொடங்கி, பாதி வழியில் தெளிவான மேஜர் வரிசைக்கு மாறி நிமிரும். அந்நிய ஆட்சிக் காலத்தில் ‘காதலி’ என்று பாடினால் நாடு என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. அமெரிக்க மோகம் மணிலாவை ஆட்டிவைத்த நாட்களில் ஆத்தாங் இந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்ச் சதுக்கங்களுக்குப் போனார், சேவல் சண்டைக் களங்களுக்குக்கூடப் போனார். பட்டுச் சேலைக்காரர்கள் மட்டும் கேட்கும் பாட்டாக அதை அவர் விடவில்லை. தாமே ஸர்சுவேலாக்களும் எழுதினார்.

அவருடைய கணவர் அமாதோ ஹெர்னாண்டஸ் கவிஞர், தொழிற்சங்கத் தலைவர். 1951-இல் கைதாகி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1964-இல்தான் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. 1970-இல் காலமானார். 1973-இல் தேசியக் கலைஞர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஆத்தாங்குக்கு அதே பட்டம் வர 1987 வரை ஆயிற்று. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. மேடையேறி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு! ஏன் இவ்வளவு தாமதம் என்று நான் கேட்டால், நீங்கள் எதற்குக் கேட்கிறேன் என்று புரிந்துகொள்வீர்கள். 1991 ஜூலை 11 அன்று அவர் மறைந்தார்.

2019 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் தன் சினிமாவின் நூற்றாண்டைக் கொண்டாடியது. ஆத்தாங் நடித்த படம் வெளியான நாள்தான் கணக்கு. ஆனால் அந்தப் படத்தைப் போட்டுக் காட்ட முடியவில்லை. பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பானை உடைந்த பாட்டை மட்டும் இன்றும் மணிலாவின் பாடகிகள் மேடையில் பாடுகிறார்கள்.

வணக்கம்.