ஸ்டிக்கி விக்கெட்டும் விளையாட்டு பீரியடும்

(பள்ளி ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியவர்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிய பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். வந்து இறங்கியதும் இளநீர் வெட்டிக் கொடுத்த உடற்கல்வி ஆசிரியருக்குத் தனி வணக்கம். அவருக்காகவும்தான் பேசப்போகிறேன்.

ஆங்கில மரபுத்தொடர்கள் பல விளையாட்டில் பிறந்தவை. கிரிக்கெட், குத்துச்சண்டை இரண்டிலிருந்தும் சொல்கிறேன்.

'ஹாட்ரிக்' தெரியும். 1858-இல் ஷெஃபீல்டில் ஸ்டீபன்சன் என்பவர் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தார். காசு வசூலித்து அவருக்குத் தொப்பி கொடுத்தார்கள். ஹாட் என்றால் தொப்பிதானே!

'ஸ்டிக்கி விக்கெட்' அவ்வளவு சுலபமில்லை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு பையன் எழுந்து, "ஐயா, விக்கெட்ல பசை தடவுவாங்களா?" என்றான். நோட்ஸில் 'இக்கட்டான நிலை' என்று போட்டிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? முந்தின இரவு நல்ல மழை. வெயில் ஏறியதும் வகுப்பையே மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். மேல்மண் காய்ந்திருந்தது; கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே களி. அவனையே மட்டை பிடிக்கச் சொன்னேன். முதல் பந்து முகவாய்க்கு எகிறியது. அடுத்தது அதே இடத்தில் விழுந்து கணுக்காலோடு உருண்டது. மூன்றாவதற்கு மட்டையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டான். "இதாண்டா ஸ்டிக்கி விக்கெட்!" என்றேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆடுகளத்தை மூடிவைக்கும் வழக்கமில்லை. நனைந்து காயும் களத்தில் மட்டையாளர்கள் பட்ட பாடு அது. அந்தப் பையன் தேர்வில் என்ன எழுதினான் தெரியுமா? 'மாதக் கடைசியில் அப்பா ஸ்டிக்கி விக்கெட்டில் ஆடுகிறார்!'

அப்புறம், 'அப் டு ஸ்க்ராட்ச்', அதாவது எதிர்பார்த்த தரத்துக்கு இருப்பது. ஸ்க்ராட்ச் என்றால் தரையில் கீறிய கோடு. 1838-இல் வந்த லண்டன் குத்துச்சண்டை விதிப்படி, விழுந்தவர் அரை நிமிட ஓய்வுக்குப் பின் துணையில்லாமல் நடுக்கோட்டுக்கு வரவேண்டும், வராவிட்டால் தோல்வி.

நம்மிடம் கோடு போட மைதானம் இருக்கிறது, ஆடத்தான் நேரமில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார். பத்தாம் வகுப்புக்கோ வருஷம் முழுக்க அப்படித்தான். பந்தையே தொடாத பிள்ளைக்கு இந்தச் சொல்லெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

அம்மா அவர்களே, மேடையிலேயே கேட்கிறேன்: வாரம் இரண்டு பீரியட், பத்தாம் வகுப்புக்கும் சேர்த்து, யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். மைதானத்து முள்செடியை வெட்டித் தருவதாகத் தலைவர் ஐயா சற்றுமுன் சொன்னார். தேதியையும் இப்போதே சொல்லிவிட்டால் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.